சில்லு சாகவில்லை, வாசலில் நின்ற வேரிஸ்டர்தான் செத்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில்லு (சிப்) ஆலைகள் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் எழும் ஆலை, சானந்தில் வரிசையாகப் பேக்கேஜிங் ஆலைகள், அசாமின் ஜாகிரோட்டில் இன்னொன்று. எல்லாம் நல்லதுதான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழுதுக்கு வரும், மின்னணுப் பலகையால் ஓடும் பிஎல்டிசி விசிறியையும் எல்இடி விளக்கையும் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் சில்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. செத்துக் கிடப்பது அதற்கு முன்னால் காவல் நிற்கும் வேரிஸ்டர் (வோல்ட் எகிறினால் மடக்கும் பாகம்), ஃப்யூஸ் ரெசிஸ்டர் (மின்னோட்டம் மீறினால் அறுந்து காக்கும் மின்தடை), மின்தேக்கி (கண்டன்சர்). விலை கேட்டால் ஒரு காபிக் காசு. அதற்காக மூவாயிரம் ரூபாய் விசிறி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இதை வீட்டுக்காரர்களும், வயரிங் வேலை செய்யும் தம்பிகளும், பொருளைச் செய்து விற்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

விசிறியிலிருந்தே தொடங்கலாம். 2023 தொடக்கத்திலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமானதால், கடைகளில் பிஎல்டிசிதான் முன்வரிசையில் தொங்குகிறது. பழைய 48 அங்குல விசிறி முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். இது 28 முதல் 35 வாட்டுக்குள் முடித்துவிடும். முகப்பு, வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாங்கட்டு என்று பத்துப் பன்னிரண்டு விசிறி ஓடும் வீட்டில் மின்கட்டணத்தில் இது நன்றாகவே தெரியும். பழைய விசிறியில் கெடுவதற்கு இருந்தது ஒரு கண்டன்சரும் இரண்டு பேரிங்கும்தான். இதிலோ கிண்ணத்துக்குள் முழுசாக ஒரு பவர் சப்ளை உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வரும் 230 வோல்ட் ஏசி, ஃப்யூஸ் ரெசிஸ்டர், வேரிஸ்டர், பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் நான்கு டயோடு), பெரிய மின்தேக்கி என்று கடந்து டிசி ஆகிறது. பெரும்பாலான மாடல்களில் ஒரு எஸ்எம்பிஎஸ் (வேகமாகச் சுவிட்ச் செய்து வோல்ட்டை மாற்றும் சுற்று) அதை 24 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. பிறகு ஆறு மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) அதை மூன்று ஃபேஸாகப் பிரித்துச் சுருளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன.

இனி ஒரு சின்னக் கணக்கு. பிரிட்ஜைத் தாண்டியதும் 230 வோல்ட் 230 ஆக இருக்காது. உச்ச மதிப்பு 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். அதனால்தான் 400 வோல்ட் மின்தேக்கி போடுகிறார்கள். 325-க்கு 400 தாராளம் என்று தோன்றும். 400-ஐ 1.414-ஆல் வகுத்துப் பாருங்கள், 283 வரும். வீட்டுக்கு வரும் வோல்ட் 283-ஐத் தாண்டிய நொடியில் மின்தேக்கி தன் எல்லையைக் கடந்துவிடுகிறது. 450 வோல்ட் மின்தேக்கி என்றால் 318 வரை தாங்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில், சுற்றியுள்ள மோட்டார்கள் நின்ற பின்னிரவில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 250-ஐத் தாண்டிக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நியூட்ரல் விட்டுப்போனால் நிலைமை இன்னும் மோசம். பெரிய வீடுகளில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும். மீட்டர் போர்டிலோ கம்பத்திலோ நியூட்ரல் முனை தளர்ந்து கருகினால், எந்த ஃபேஸில் சுமை குறைவோ அந்த ஃபேஸுக்குத்தான் வோல்ட் ஏறும். ஒரு ஃபேஸில் தண்ணீர் மோட்டார் ஓடும்; இன்னொன்றில் வளவில் இரண்டு எல்இடி விளக்கும் ஒரு விசிறியும் மட்டும். அந்த விளக்குக்கும் விசிறிக்கும் 400 வோல்ட் வரை போகும். உச்சம் 566. இதைத் தாங்கும் மின்தேக்கி எந்த விசிறியிலும் கிடையாது. கல்யாணத்துக்கு வீட்டைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டதும் “நாலு ஃபேன் சேர்ந்தாப்புல போச்சு” என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது விசிறியை அல்ல, நியூட்ரல் முனையை.

இங்கேதான் வேரிஸ்டர் வருகிறது. நீல நிறத்தில், சின்ன வட்டுபோல் இருக்கும். மேலே 7டி431 என்று அச்சிட்டிருந்தால் 7 மில்லிமீட்டர் வட்டு, 430 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து தாங்கக்கூடியது 275 வோல்ட் ஏசி. 10டி471 என்றால் 10 மில்லிமீட்டர், 300 வோல்ட் ஏசி. 10டி561 என்றால் 350 வோல்ட் ஏசி. விலை குறைந்த பலகைகளில் 7டி431 போடுவது வழக்கம். வோல்ட் நிலையாக இருக்கும் ஊருக்கு அது போதும். இரவெல்லாம் 270-ஐத் தொட்டுத் தொட்டு வரும் இடத்தில் அது மெல்லச் சூடேறி, ஒருநாள் வெடித்துக் கரியாகும். மின்னல் அடித்தால்தான் வேரிஸ்டர் சாகும் என்பது பாதி உண்மை. ஒவ்வொரு சின்ன அதிர்ச்சியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது.

அப்படியானால் எல்லாவற்றிலும் 561 போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 431 மின்னல் எழுச்சியை (திடீரென எகிறும் வோல்ட்டை) சுமார் 710 வோல்ட்டில் மடக்கும். 561 சுமார் 920 வோல்ட் வரை விட்டுவிடும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் சுவிட்ச் பெரும்பாலும் 650 அல்லது 700 வோல்ட் வகை. பெரிய மின்தேக்கி நல்ல நிலையில் இருந்தால் குறுகிய எழுச்சியை அது விழுங்கிக்கொள்ளும். காய்ந்துபோயிருந்தால் சுவிட்ச் போய்விடும். ஆகவே வேரிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு மின்தேக்கியை அப்படியே விடுவது அரைகுறை வேலை. நம் பக்கத்துக்கு 10டி471 அல்லது 10டி561-உம், கூடவே 450 வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் மின்தேக்கியும் சேர்ந்து போவதுதான் சரி.

செத்த பலகையைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது கெட்ட பழக்கம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனையிலும் ஐந்து விநாடி பிடித்துவிட்டு, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அடுத்து ஃப்யூஸ் ரெசிஸ்டர். வழக்கமாக 10 ஓம் அளவில் இருக்கும்; மீட்டரில் திறந்து காட்டினால் அது தன் வேலையைச் செய்து செத்திருக்கிறது. ஏன் செத்தது என்று பார்க்காமல் அதை மாற்றக் கூடாது. வேரிஸ்டரில் வெடிப்பு, கரி. பிரிட்ஜில் நான்கு டயோடும் ஒரு திசையில் 0.5, 0.6 வோல்ட் காட்ட வேண்டும், மறு திசையில் எதுவும் காட்டக் கூடாது. மின்தேக்கியின் தலை உப்பியிருந்தால் சொல்லவே வேண்டாம். உப்பாவிட்டாலும் கழற்றி அளவு பார்க்க வேண்டும். 22 மைக்ரோஃபாரட் என்று எழுதியது 6, 7 காட்டினால் குப்பைக்குத்தான்.

24 வோல்ட் சரியாக வந்தும் விசிறி ஓடாமல் இடமும் வலமும் உதறினால், மூன்று ஃபேஸில் ஒன்று இல்லை. மோட்டார் வயர் மூன்றையும் இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக, சில ஓம்களில் இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் சுருள் நன்றாயிருக்கிறது, குறை மாஸ்ஃபெட்டிலோ ஈயம் விட்ட இடத்திலோ இருக்கும். ரிமோட்டுக்கு மட்டும் அசைய மறுத்தால் குறை, ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரை வாங்கும் மூன்று கால் ஐஆர் ரிசீவரில். அதுவும் சில்லறைச் சாமான்தான்.

பழுதுபார்ப்பவர்கள் செய்யும் தவறுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிக மோசமானது, ஃப்யூஸ் ரெசிஸ்டர் போன இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வைத்து ஈயம் வைப்பது. விசிறி ஓடும். அடுத்த முறை வேரிஸ்டர் ஷார்ட் ஆகும்போது தடுக்க ஆளில்லாமல் பலகையே பற்றும்; பர்மாத் தேக்கில் கூரை போட்ட வீட்டில் இது விளையாட்டல்ல. சாதாரண கார்பன் ரெசிஸ்டரைப் போடுவதும் கிட்டத்தட்ட அதே தவறுதான், அது அறுவதற்கு முன் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத ஃப்யூஸிபிள் வகையே வேண்டும். 450 வோல்ட் மின்தேக்கி கொஞ்சம் உயரமாக இருப்பதால் கிண்ணம் மூடவில்லை என்று 400-ஐயே திரும்பப் போடுகிறார்கள். காலை வளைத்துப் படுக்கப் போட்டு சிலிக்கான் பசையால் பிடித்துவிடலாம். ஆனால் புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் கூடாது, அதன் அமிலம் செம்புத் தடத்தை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியதையே வாங்க வேண்டும். மின்தேக்கி வாங்கியதும் கடையிலேயே மீட்டரில் அளந்து பாருங்கள். பெரிய எண் அச்சிட்ட உறைக்குள் சின்னதை வைத்து விற்பது எல்லாச் சந்தையிலும் நடக்கிறது.

ரெகுலேட்டர் விஷயம் ஒன்று. பிஎல்டிசி மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைத்துவிட வேண்டும். முழு வேகத்தில் வைத்தால் போதும் என்று விட்டால், வீட்டில் யாராவது ஒருநாள் திருகுவார்கள். திருகும் வகை ரெகுலேட்டர் அலையை நடுவில் வெட்டிக் கொடுக்கும்; ஒவ்வொரு வெட்டிலும் பெரிய மின்தேக்கி திடீரென்று மின்னோட்டத்தை உறிஞ்சும்; ஃப்யூஸ் ரெசிஸ்டரும் பிரிட்ஜும் சில நாளில் போய்விடும். உத்தரவாதத்திலும் இதைக் காட்டித் தட்டிக்கழிக்க வழியாகும். இன்னொன்று, வளவில் ஒரே கம்பெனி விசிறி நாலை வரிசையாக மாட்டிவிட்டு ஒரு ரிமோட்டை அமுக்கினால், ஓடியது நிற்கும், நின்றது ஓடும். ஐஆர் ரிமோட்டுக்கு இது விசிறி, அது விசிறி என்ற பேதமில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத் தனித்தனியாக இணை சேர்க்கும் ஆர்எஃப் (ரேடியோ அலை) ரிமோட் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

எல்இடி விளக்கில் கொல்லுவது சூடு. 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று எழுதிய மின்தேக்கி 10 டிகிரி குறையக் குறைய இரட்டிப்பு ஆயுள் தரும் என்பது இத்தொழிலின் பொதுக் கணக்கு. 85 டிகிரியில் 8,000 மணி. 65-இல் 32,000 மணி. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டிய பல்பின் கழுத்து 85-ஐத் தொட்டால், நாளொன்றுக்குப் பத்து மணி எரிந்து 800 நாளில் கதை முடிந்தது. இரண்டு வருட உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதத்தில் பல்பு போகிறதே என்று சிலர் சாபம் விடுகிறார்கள். சாபத்துக்கு அவசியமில்லை, வகுத்தல் போதும். மின்தேக்கியே இல்லாத, டிரைவரும் (எல்இடிக்கு மின்னோட்டம் தரும் சுற்று) எல்இடியும் ஒரே அலுமினியத் தட்டில் இருக்கும் வகையும் மலிவாக வருகிறது. அது வினாடிக்கு நூறு முறை துடிக்கும், எழுச்சியைத் தாங்கும் தெம்பும் குறைவு. திண்ணைக்குப் பரவாயில்லை, படிக்கும் இடத்துக்கு ஆகாது.

காலியம் நைட்ரைடு சார்ஜர் பற்றியும் கேட்கிறார்கள். சிலிக்கானைவிட வேகமாகச் சுவிட்ச் ஆகும், அதனால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சுருங்கும், 65 வாட் கைப்பிடிக்குள் அடங்கும். நல்ல பொருள். ஆனால் அந்தச் சிறு பெட்டிக்குள்ளும் பெரிய மின்தேக்கி பழைய வகைதான். வெப்பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பசை ஊற்றி மூடியிருப்பதால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு. திருவிழாவுக்கோ முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கிறார்கள். நெடுநாள் மின்சாரம் காணாத மின்தேக்கியில் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் நலிந்து கசிவு கூடும். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை ஈரமும், பலகைக்குள் எறும்பும் பல்லியும். இப்படிப்பட்ட வீட்டில் மெயினை ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. சர்க்யூட் பிரேக்கர்களை எல்லாம் இறக்கிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொரு ஃபேஸிலும் நியூட்ரலுக்கு எவ்வளவு என்று அளந்து, பிறகு ஒன்றொன்றாக ஏற்ற வேண்டும். சந்தேகமான கருவியைச் சீரிஸ் பல்பு (மின்பாதையில் தொடராக மாட்டிய பல்பு) வழியாகப் போட்டுப் பாருங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நலம். விடாமல் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். இதற்கு எல்இடி பல்பு உதவாது, இழை பல்புதான் வேண்டும். பரணில் பழையது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய வால்வு ரேடியோவை நேராகப் பிளக்கில் செருகுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து, குறைந்த வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி பூட்டிய வீட்டில்தான் அதிகம் சாகிறது. லெட் ஆசிட் டியூபுலர் பேட்டரியை அரைகுறை சார்ஜில் ஆறு மாதம் விட்டால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். மறுபடி ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. பூட்டுவதற்கு முன் முழுசாக ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்த்து, ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி 1.24 அளவில் இருப்பதை உறுதி செய்து, முனையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து ஏற்றினால் பிழைக்கும்.

அதற்கு மாற்றாக இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வந்திருக்கிறது. பூட்டிய வீட்டுக்கு அதுவே பொருத்தம், தானாக இறங்குவது மிகக் குறைவு. ஆனால் இதை முழுசாக ஏற்றி விடக் கூடாது. பாதியில் நிறுத்தி, இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே ஒரு டிசி பிரேக்கர் போட்டு இறக்கிவிட்டுப் போவதே முறை. இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்தாலும் அது உள்ளுக்குள் கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்தை அப்படியே மாட்டி ஏமாறுபவர்கள் அதிகம். 12.8 வோல்ட் பேட்டரியில் நான்கு செல், ஒவ்வொன்றும் 3.65-ஐத் தாண்டக் கூடாது, மொத்தம் 14.6. டியூபுலருக்கான ஈக்குவலைஸ் (கூடுதல் வோல்ட்டில் ஏற்றும்) முறையில் இன்வெர்ட்டர் 15-ஐத் தாண்டினால் உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் பலகை) துண்டித்துவிடும். “புது பேட்டரி செத்துப்போச்சு” என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். கீழ்ப்பக்கமும் அப்படியே. லெட் ஆசிட்டுக்கு 10.5-இல் நிறுத்தும்படி வைத்திருப்பார்கள். லித்தியம் 12-க்கு வரும்போதே கிட்டத்தட்ட காலி. வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்று காட்டும் விளக்கும் பொய் சொல்லும், ஏனென்றால் இதன் வோல்ட் கடைசிவரை சரிவதில்லை. மெனுவில் லித்தியம் முறை இல்லாத இன்வெர்ட்டருக்கு லித்தியம் வாங்காதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953 பொங்கலன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊரில் பேட்டரி அமைப்பைத் திருத்தத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருப்பது கொஞ்சம் உறுத்துகிறது. ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பாகவாவது இதைச் சொல்லித் தரலாம்.

வீடு முழுவதற்கும் காவல் வேண்டுமென்றால், மெயின் போர்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஓவர் வோல்டேஜ் புரொட்டெக்டர் போடுங்கள். 265, 270-இல் துண்டித்து, சரியானதும் தானே சேர்க்கும் வகை 40, 63 ஆம்பியரில் கிடைக்கிறது. நியூட்ரல் அறுந்தால் காப்பாற்றுவது இதுதான். மின்னலுக்கு டைப் 2 எஸ்பிடி (எழுச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) தனி. 275-க்குப் பதில் 320 வோல்ட் வகை நம் பக்கத்துக்கு நல்லது. எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் எஸ்பிடி வெறும் அலங்காரம். செம்பாறை மண்ணில் சித்திரை, வைகாசியில் எர்த் குழி எலும்பாகக் காய்ந்துவிடும்; வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவைக்க வேண்டும். தேக்குச் சட்டத்தில் ஓடும் பழைய இரண்டு வயர் வயரிங்கில் எர்த்தே இருக்காது, அதைப் புதிதாக இழுத்தாக வேண்டும்.

உற்பத்தியாளர்களிடமும் அரசிடமும் கேட்பது இரண்டே. 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு எலக்ட்ரானிக் பாகங்களுக்கென்று 22,919 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. மின்தடை, மின்தேக்கி போன்ற சில்லறைப் பாகங்களும் அதில் உண்டு. தமிழக அரசும் அதையொட்டித் தன் திட்டத்தை அறிவித்தது. அந்தச் சலுகையில் செய்யும் மின்தேக்கி 450 வோல்ட்டாக, 105 டிகிரியில் 10,000 மணி தாங்குவதாக வரட்டும். நம் ஊர் மின்சாரத்துக்கு அதுதான் அளவு. இரண்டாவது, 2022 டிசம்பரிலேயே பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் திறந்தாயிற்று. விசிறிப் பலகையைத் தனியாக விலைக்குக் கொடுங்கள், பசை ஊற்றி மூடாதீர்கள், வேரிஸ்டர், ஃப்யூஸ் ரெசிஸ்டர், மின்தேக்கி மூன்றின் அளவையும் பலகையிலேயே வெள்ளை எழுத்தில் அச்சிடுங்கள். கரிந்துபோன வேரிஸ்டரின் மேல் எண்ணைப் படிக்க முடியாது. பக்கத்தில் 10டி471 என்று ஒரு வரி இருந்தால், பள்ளத்தூரில் இருக்கும் மெக்கானிக் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
காரைக்குடி.